நாலு போர்ட், நாலு திரை, ஒரு பைத்தியம்

"சும்மா ஒரு கிராபிக்ஸ் கார்டுதானே" என்று என்னிடம் யாராவது சொல்லிப் பாருங்க, அன்றைக்கு அவர் வீடு போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். அப்படி ஒரு கிறுக்குப் பிடித்துத் திரிகிறேன்!

கார்டு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழையும்போது என் கண்ணெல்லாம் மூணு விசிறி வைத்து கலர் கலராக மின்னுகிற கார்டு மேலேதான். எனக்கு கேமும் கிடையாது ஒன்றும் கிடையாது. புத்தகத்துக்குப் பக்கம் வடிவமைக்கிற ஆள், நாலு மானிட்டர் ஓடினால் போதும். கடைக்கார அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு கார்டைத் திருப்பிக் காட்டினார். "முன்னாடி என்னத்த சார் பாக்குறீங்க? பின்னாடி போர்ட்ட எண்ணுங்க." எண்ணினேன். ஒல்லியாக, சின்னதாக என்விடியா டி1000, முதுகில் வரிசையாக நாலு மினி டிஸ்ப்ளேபோர்ட்! அதிகபட்சம் 50 வாட், அதையும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுமாம், தனி பவர் வயர் வேண்டாம், என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும் என்றார். பக்கத்தில் காலேஜ் பசங்க நின்றதால் குதிக்காமல் இருந்தேன்.

மெமரி 4 ஜிபி போதுமா என்று ஒரு பயம். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு ஃபுல் எச்டி திரைக்கு 1920 பெருக்கல் 1080, கிட்டத்தட்ட 21 லட்சம் புள்ளி. நாலு திரைக்கும் சேர்த்து 83 லட்சம், அதாவது ஒரே ஒரு 4கே திரைக்கு எவ்வளவோ அவ்வளவேதான்! புள்ளிக்கு 4 பைட் என்றாலும் 33 எம்பி சொச்சம். மெமரி இல்லைங்க, போர்ட்தான் விஷயம். ஒரு காலத்தில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 580 மாதிரி பெரிய கார்டிலேயே ஒரே நேரத்தில் ரெண்டு மானிட்டர்தான் எரியும். 2012இல் ஜிடிஎக்ஸ் 680 வந்துதான் நாலாச்சு.

இப்போ இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க: கார்டைச் செருகி, நாலு கேபிளையும் மாட்டி, சுவிட்சைத் தட்டுகிறேன், முதல் திரை மட்டும் எரிகிறது, மற்ற மூணும் கருப்பு, வயிற்றைக் கலக்குகிறது, டிரைவரைப் போடுகிறேன், ஒரு நொடி எல்லாமே இருண்டு, அப்புறம் பளிச், பளிச், பளிச் என்று ஒவ்வொன்றாகக் கண் திறக்கிறது பாருங்க, ஐயோ! டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ஐடென்டிஃபை' பொத்தானை அமுக்கினால் திரைக்கு ஒன்றாக 1, 2, 3, 4 என்று பெரிய பெரிய எண், அதைச் சும்மா திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வேலையாவது மண்ணாவது, மவுஸை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு ஓட்டினால் தேர் வீதி சுற்றுகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது, இடப்பக்கம் மூலப்பிரதி, நடுவில் பக்கம், அடுத்ததில் பிழைத்திருத்தம், நாலாவதை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்தேனா, புத்தகப் பக்கம் தலையிலிருந்து கால்வரை ஸ்க்ரோலே இல்லாமல் முழுசாக நிற்கிறது, கண்ணில் தண்ணியே வந்துவிட்டது, நம்புங்க!

மினி போர்ட் என்பதால் மானிட்டருக்கு அடாப்டர் தேவைப்படலாம். அது ஒரு குறையா?

2010இலேயே ஏஎம்டி ரேடியான் 5870இல் ஆறு போர்ட் வைத்து ஒரு கார்டு விட்டார்களாம். அதைச் சொன்னதுமே வீட்டுக்காரி மேஜையைப் பார்த்தாள். சுவர் இருக்கே என்றேன்.