பிறரை அறியும் கல்வி: அல்பீரூனி பற்றிய ஒரு பாடம்

தமிழகப் பள்ளிகளில் மானிடவியல் தனிப்பாடமன்று. மனித சமூகங்களைப் பற்றி மாணவர் அறிவனவெல்லாம் பெரும்பாலும் வரலாறு, சமூக அறிவியல் பாடங்களின் வழியே வருபவை. அவ்வகையில், என்.சி.இ.ஆர்.டி. 2007 இல் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலில், அல்பீரூனி, இப்னு பதூதா, பெர்னியர் ஆகிய பயணிகளைப் பற்றிய பாடம் நம் கவனத்திற்குரியது.

பாடம் சிறப்பாகவே எழுதப்பட்டுள்ளது. குவாரிஸ்மில் 973 இல் பிறந்த அல்பீரூனி சமஸ்கிருதம் பயின்று, 1030 அளவில் 80 அத்தியாயங்களில் கிதாபுல் ஹிந்தை இயற்றினார். ஒரு வினாவை எழுப்புதல், இந்நாட்டு நூல்களிலிருந்து விடை கூறுதல், பிற சமூகத்தாரின் வழக்கங்களோடு ஒப்பிடுதல் என்னும் அவரது முறையைப் பாடம் தெளிவாக விளக்குகிறது. புகழ்ச்சியோடு நின்றுவிடவுமில்லை. தீட்டு என்னும் கருத்தை மறுத்த அவரே, வருண அமைப்பை விவரிக்கையில் பிராமண நூல்களையே பெரிதும் சார்ந்திருந்தார் என்ற குறையையும் சுட்டுகிறது. இந்நேர்மை பாராட்டத்தக்கது.

நமது குறை வேறிடத்தில் உள்ளது. பயணிகள் எவ்வாறு பார்த்தனர் என்பதை மாணவன் கற்கிறான். தான் பார்க்கக் கற்பதில்லை. வெளியூர் சென்று வந்த உறவினரைப் பேட்டி காணும் பயிற்சியொன்று பாட இறுதியில் உண்டு. நல்ல பயிற்சியே, எனினும் அது அவனைத் தன் வீட்டு வாசலைத் தாண்ட விடுவதில்லை.

நம் கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மஹ்மூது பந்தர் எனப் பெயர் பெற்ற பரங்கிப்பேட்டைக்கு அண்மையில் கிள்ளையும் பிச்சாவரமும் உள்ளன. அங்கு இருளர் குடியிருப்புகள் உண்டு. இருளர் என்றதும் பாம்பு பிடிப்போர் என்று கூறி முடித்துவிடுவது நம் வழக்கம். இங்குள்ளவர்களோ சுரபுன்னைக் காட்டின் உப்பங்கழிகளில் இறங்கி, கைகளால் துழாவி இறால் பிடித்துப் பறியில் சேர்ப்பவர்கள். அவர்களைப் பற்றி அறிய எந்தச் சமஸ்கிருத நூலும் உதவாது. அல்பீரூனியின் முறை நின்றுவிடும் இடம் இதுவே. இங்கு அவர்களிடமே கேட்டாக வேண்டும்.

கேட்காமல் எழுதப்பட்டால் எவ்வாறிருக்கும் என்பதை நாமும் அறிவோம். எட்கர் தர்ஸ்டன் 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலில் இருளரும் உள்ளனர். லெப்பைகளும் மரைக்காயர்களும் உள்ளனர். தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து மக்களை வகைப்படுத்தியவர் அவர். மரைக்காயர் என்ற பெயருக்குக் கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லை மூலமாகக் கூறும் விளக்கம் அதில் இடம்பெற்றுள்ளது. மரக்கலம் என்ற தமிழ்ச் சொல்லே மூலமென்பாரும் உளர். நம்மைப் பற்றிய அப்பக்கங்களைப் படிக்கையில், 'இது முழுவதும் நாமல்லவே' என்று நம் உள்ளம் கூறுகிறது. 'இருளர் பாம்பு பிடிப்பர்' என்று வகுப்பில் உரக்க வாசிக்கப்படும்போது, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் இருளர் சிறுவனின் உள்ளமும் அதையே கூறாதா?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13 ஆம் வசனம், மனிதர் பல சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டதன் நோக்கம் அறிமுகமே என்கிறது. அங்குள்ள வினைச்சொல் 'தஃபாஉல்' என்னும் வாய்பாட்டில் அமைந்தது. இருதரப்பாரும் ஒருவர்க்கொருவர் செய்யும் செயலை அவ்வாய்பாடு உணர்த்துவதை நம் மாணவர் ஸர்ஃப் பாடத்திலேயே கற்கின்றனர். ஒருவன் அறிபவனாகவும் மற்றவன் அறியப்படும் பொருளாகவும் மட்டுமே இருப்பது தஆருஃப் ஆகாது.

இப்பொறுப்பு பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. அல்பீரூனியின் பெயரை மேடைகளில் பெருமையுடன் கூறும் நாம், நாமறிந்தவரை, நம் அரபுக் கல்லூரிகளில் அவரது நூலைப் பாடமாக வைப்பதில்லை. அதன் சில அத்தியாயங்களையேனும் அரபு மூலத்தில் பயிற்றுவித்தல் வேண்டும். அடுத்து, பரங்கிப்பேட்டை மாணவன் பத்து வினாக்களுடன் கிள்ளைக்குச் செல்லட்டும். எழுதியதை அம்மக்களிடமே படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். நம்மைப் பற்றி அவர்கள் கேட்கும் பத்து வினாக்களுக்கும் விடை கூறிவிட்டுத் திரும்பட்டும். அந்த இரண்டாவது பத்தில்தான் அவனது பாடம் நிறைவு பெறும்.