எண்ணிக்கை யாருடையது?

பட்டாபி ஜோயிஸின் 'யோக மாலா' மெல்லிய புத்தகம். 1962ல் கன்னடத்தில் வெளிவந்தது. ஆங்கிலத்துக்குப் போக 1999 ஆகிவிட்டது. இன்று உலகம் முழுக்க 'அஷ்டாங்க யோகா' என்ற பெயரில் நடக்கும் பயிற்சிக்கு அதுதான் அடிப்படை நூல். உடம்பை வளைக்கச் சொல்லித்தரும் கையேடாகத்தான் பலரும் அதை வாசிக்கிறார்கள். எனக்கோ அது நேரத்தைப் பற்றிய நூலாகப் படுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறுகிறவனுக்கு வேறு எப்படிப் படும்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அஷ்டாங்கம் என்றால் எட்டு உறுப்புகள். இயமம், நியமம் தொடங்கி சமாதி வரை. பதஞ்சலி சொன்னது, நம் திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் என்று விரித்துப் பாடியது. ஜோயிஸ் இந்த எட்டையும் ஏற்கிறார். ஆனால் உள்ளே நுழைய அவர் திறந்துவிடும் வாசல் மூன்றாவது உறுப்பான ஆசனம். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மூச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் எண். முதல் வகை சூரிய நமஸ்காரத்துக்கு ஒன்பது, இரண்டாவதற்குப் பதினேழு. ஆசனங்களின் வரிசை மாறாது. வாரத்தில் ஆறு நாள் பயிற்சி; அமாவாசை, பௌர்ணமிக்கு விடுப்பு. மைசூர் கூடத்தில் யாரும் மேடையேறிக் கத்திச் சொல்லித்தர மாட்டார்கள். அவரவர் வரிசையை அவரவர் செய்யணும். ஒன்று படிந்தபின்தான் அடுத்ததை ஆசிரியர் கொடுப்பார்.

செய்து பார்க்காமல் வாசித்தால் புத்தகம் சலிக்கும். இந்த எண்ணில் மூச்சை இழு, அந்த எண்ணில் விடு என்றே பக்கங்கள் போகும். செய்கிறவனுக்கு அந்தச் சலிப்புதான் விஷயம். இன்றைக்கு என்ன செய்யலாம் என்ற யோசனையே இல்லை. பாயை விரித்தால் போதும், நேற்று செய்ததுதான் இன்றும்.

இந்த வரிசை யாருடைய உடம்பை மனதில் வைத்து உருவானது என்று கேட்டாகணும். 1927ல் ஹாசனில் கிருஷ்ணமாச்சாரியாரின் செயல்விளக்கத்தைப் பார்த்தபோது ஜோயிஸுக்கு வயது பன்னிரண்டு. பிறகு மைசூர் அரண்மனை ஆதரவில் நடந்த யோகசாலையில் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்தது பெரும்பாலும் சிறுவர்களுக்கு. தாவிக் குதித்துப் பின்னால் போகும் அந்த வேகத்தில் பையன்களின் உடம்பு தெரிகிறது. அதே கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்தபின் ஆளுக்கேற்ற பயிற்சி என்று வேறு திசையில் போனார். மகன் தேசிகாச்சார் 1976ல் இங்கே தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்த வழியில் வந்தது. மைசூரில் ஆள் வரிசைக்குப் பழகினார். சென்னையில் வரிசை ஆளுக்குப் பழகியது. 'யோக மாலா'வை வாசிக்கிறவர்கள் இந்த இரண்டாவது கதையையும் தெரிந்துவைத்திருப்பது முழங்காலுக்கு நல்லது.

ஜோயிஸ் வேர்வையைக் கொண்டாடுகிறார். மூச்சோடு கூடிய அசைவு ரத்தத்தைச் சூடாக்கும், அழுக்கு வேர்வையாக வெளியேறும் என்கிறார். ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கம் எட்டு மணி நேரம் நின்றவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். "இன்னும் எவ்ளோண்ணே வேர்க்கணும்?" நியாயமான கேள்வி. உழைப்பே இல்லாத உடம்பைத்தான் அந்தப் பக்கங்கள் கற்பனை செய்கின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே ஒரே அறையில் முறைவைத்துத் தூங்குகிறவர்கள் அந்தக் கற்பனையில் இல்லை.

ஜோயிஸ் மைசூரில் தன் யோக நிலையத்தைத் தொடங்கியது 1948ல். தொழிற்சாலைகள் சட்டம் வந்ததும் அதே 1948தான். நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 என்று அது வரம்பு கட்டியது. தற்செயல்தான். ஆனால் ஒன்றில்லாமல் மற்றது நடக்காது. தினமும் பயிற்சி செய்ய ஒழுக்கம் மட்டும் போதாது, மிச்சமான நேரம் வேண்டும். 2023 ஏப்ரலில் அந்த வரம்பைத் தளர்த்தி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். யோகத்தைப் பற்றிப் பேசும்போது எதுக்குய்யா சட்டம் என்று கேட்கலாம். அந்த நாலு மணி நேரத்துக்குள்தான் என் பாய் விரிகிறது.

அப்படியானால் இந்தப் பயிற்சி நமக்கானது இல்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிற்சாலையிலும் ஒரே அசைவைத்தான் ஆயிரம் தடவை செய்கிறோம். அங்கேயும் எண்ணிக்கை உண்டு. ஆனால் அது டார்கெட்டின் எண்ணிக்கை. மூச்சு அதன் பின்னால் ஓடுகிறது. பாயில் எண்ணிக்கை மூச்சின் பின்னால் வருகிறது. மூச்சு தடுமாறினால் எண் காத்திருக்கும். திரும்பத் திரும்பச் செய்வது அடிமைத்தனம் ஆவதற்கும் பயிற்சி ஆவதற்கும் நடுவே உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். 'யோக மாலா' இதை எங்கும் வாதமாக வைக்கவில்லை. ஆனால் அது சொன்னபடி எண்ணிப் பார்த்தால் புரிகிறது.

நூல் விடாமல் செய்யச் சொல்கிறது. விடியற்காலை என்பதை மட்டும் நான் என் வசதிக்கு மாற்றிக்கொண்டேன்: தூங்கி எழுந்தபின் வெறும் வயிறாக இருக்கும் நேரம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அது மதியம் மூன்று மணி. அலுப்பு மிஞ்சினால் சூரிய நமஸ்காரம் மூன்று சுற்று, அத்தோடு சரி. மைசூர் மரபுக்காரர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். ஆனால் வரிசை மனப்பாடம் ஆகிவிட்டால் ஆசிரியரோ கூடமோ கட்டணமோ இல்லாமல் ஆறடித் தரையில் செய்யலாம் என்பதும் அந்த மரபு கொடுத்ததுதானே?

இன்னொன்றையும் பேசாமல் இந்த நூலைப் பரிந்துரைக்க முடியாது. ஜோயிஸ் 2009ல் இறந்தார். உடம்பைச் சரிசெய்கிறேன் என்று அவர் பாலியல்ரீதியாகத் தொட்டதாக, முன்னாள் மாணவிகள் பலர் 2017க்குப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார்கள். 2019ல் பேரன் ஷரத் ஜோயிஸ், தாத்தா முறையற்று மாணவர்களைத் தொட்டதைத் தானும் பார்த்ததாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். கேள்வி கேட்காமல் செய், பலன் தானாக வரும் என்பது ஒரு பயிற்சி முறையாக வலுவானது. ஒரு மனிதருக்குக் கீழ்ப்படியும் விதியாக மாறும்போது அதே வாக்கியம் வாயை அடைத்துவிடுகிறது. சூப்பர்வைசரிடம் அதை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'யோக மாலா'வை வாசியுங்கள், பாதி சந்தேகத்தோடு. நோய்களைத் தீர்ப்பதாக அது தரும் பட்டியலை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளில் ஒரு மணி நேரமாவது எண்ணிக்கை நம்முடையதாக இருக்கட்டும்.