விறகுக்கா, உட்காரவா?

உக்கடத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் போன மாதம் ஒரு நாற்காலியைப் பார்த்தேன். தேக்குச் சட்டம், கை பட்டுப் பட்டு வழுவழுப்பான கைப்பிடி, பாதி கிழிந்து தொங்கும் பிரம்புப் பின்னல். ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டியதாக இருக்கும். "என்ன விலைங்ணா?" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உக்கார வேணுமுங்களா, விறகுக்கு வேணுமுங்களா?" என்றார்.

'மிட்-செஞ்சுரி மாடர்ன்' என்று சேகரிப்பாளர்கள் கொண்டாடும் பொருட்களைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வி எனக்குத் தெரியவில்லை. எமி சீகலின் 'ப்ராவெனன்ஸ்' (2013) என்ற நாற்பது நிமிடப் படம் நினைவுக்கு வந்தது. 1950களில் சண்டிகர் நகரம் எழும்பியபோது, லெ கொர்பூசியேவின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ழான்னரெ அரசு அலுவலகங்களுக்கு வடிவமைத்த தேக்கு-பிரம்பு நாற்காலிகளின் கதை அது. பிற்பாடு அவை உடைசல் என்று கழிக்கப்பட்டு, அடிமாட்டு விலைக்குப் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் பழுது பார்த்து ஏலத்தில் லட்சக்கணக்கில் விற்றார்கள். விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் உள்துறை அமைச்சகம் தடை போட்டது 2011இல்தான்.

சீகல் இந்தப் பயணத்தைத் தலைகீழாகக் காட்டுகிறார். மேல்நாட்டுப் பணக்கார வீடுகளில் தொடங்கி, ஏலக்கூடம், பழுது பார்க்கும் பட்டறை, சரக்குக் கப்பல் என்று பின்னோக்கிப் போய்ச் சண்டிகரில் முடிகிறது படம். வர்ணனை இல்லை, பேட்டி இல்லை. பிறகு அந்தப் படத்தையே லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்று, அதையும் 'லாட் 248' என்று படமாக்கினார். தன் படமும் ஒரு சரக்குதான் என்று ஒப்புக்கொண்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அந்த மௌனத்தோடுதான் எனக்குத் தகராறு. கடைசிக் காட்சிகளில் சண்டிகர் ஆபீஸ்களில் அதே நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். முப்பது வருடம் அதில் உட்கார்ந்த குமாஸ்தாவுக்கு முதுகு வலித்ததா? பிரம்பு அறுந்தால் யார் பின்னித் தந்தார்கள்? படம் கேட்பதில்லை. ஏலக்காரரும் கேட்பதில்லை. சந்தையை விமர்சிக்கும் படம், சந்தை பார்ப்பது போலவே பொருளின் மேல்தோலை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது.

1958இல் அரசு அழைப்பின் பேரில் இந்தியா வந்த சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி தங்கள் அறிக்கையில் புகழ்ந்தது சாதாரணச் சொம்பை. தனியொருவர் பெயர் ஒட்டாத பொருள் அது. எத்தனை நீர் கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும் என்று தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவர்கள் செதுக்கிய வடிவம் என்றார்கள். அந்த அறிக்கையின் விளைவாகத்தான் அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது.

கோயம்புத்தூருக்கும் அப்படியொரு பொருள் உண்டு. 1955இல் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர். ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவியைக் கை சுற்றும். கிரைண்டரில் உரலே சுற்றுகிறது. தோளின் வேலையை மோட்டாருக்குக் கொடுக்க அந்த ஒரு திருப்பம் தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்து, இந்த மண்ணின் மிகப் பெரிய நவீன வடிவமைப்பு அதுதான். புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் எந்தச் சேகரிப்பாளரும் அதைத் தேடி வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுப் பழைய கிரைண்டரும் இதே உக்கடத்தில்தான் எடைக்குப் போனது. போட்டது நானேதான். இந்தக் கட்டுரைக்காக அம்மாவிடம் அதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "இருவத்தஞ்சு வருசம் மாவாட்டிக் குடுத்துச்சு. கல்லத் தூக்கிக் கழுவிக் கழுவி என்ற இடுப்பு போச்சு. நல்லதுதான், ஆனா போனதும் நல்லதுதான். நீ ஒரு நாளாச்சும் கழுவுனயா?"

கழுவியதில்லை. நல்லதையும் கெட்டதையும் ஒரே மூச்சில் சொல்லும் அம்மாவின் இந்தத் தீர்ப்பு, ஏலப் பட்டியலிலும் இல்லை, சீகலின் படத்திலும் இல்லை. புழங்கியவர் வாய் திறக்காத விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

அந்த நாற்காலியை உட்காரத்தான் வாங்கினேன். பிரம்பு பின்ன ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது.