காணாததைக் காட்டும் கருவி

கணினி வலையமைப்பு கண்ணுக்குப் புலப்படாத ஒரு வித்தை. ஸ்விட்சுகளும் ரூட்டர்களும் அடுக்கிய அறையில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் சிமிட்டும் சிறு விளக்குகளும், கேட்பதெல்லாம் மின்விசிறிகளின் இரைச்சலுமேயன்றி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் அக்கம்பிகளில் ஓடி மறையும் பாக்கெட்டுகளில் ஒன்றேனும் பிரத்தியட்சமாவதில்லை. இந்த வித்தையைப் பயில எழுந்த சிமுலேட்டர்களுள், சிஸ்கோ நிறுவனம் தன் நெட்வொர்க்கிங் அகாடமி மாணவர்களுக்கென உருவாக்கிய பாக்கெட் டிரேசரை வெறும் பாடசாலைச் சாதனமாக நான் கருதவில்லை. ரசிக்கத்தக்க சிருஷ்டி என்றே கருதுகிறேன். விலையுயர்ந்த இயந்திரங்களை வாங்க இயலாதவர்க்கு அது ஒரு மாற்று என்று அதை மதிப்பவர் பலர். மெய்யான இயந்திரம் காட்டாததை அது காட்டுகிறது என்பதே என் மதிப்புக்குக் காரணம்.

திரையில் ஒரு ஸ்விட்சை வைத்து, அதனுடன் நான்கு கணினிகளை இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரி கொடுத்துவிட்டு, 'ரியல்டைம்' நிலையிலிருந்து 'சிமுலேஷன்' நிலைக்கு மாறினால், காலம் நம் கைக்குள் அடங்கிவிடுகிறது. முதல் கணினியிலிருந்து நான்காவதற்கு 'பிங்' அனுப்பினால், அச்செய்தி ஒரு சிறிய தபால் உறையாக உருக்கொண்டும், புறப்படாமல் அங்கேயே காத்து நிற்கிறது. அதற்கு முன்னோடியாக வேறு நிறத்தில் இன்னோர் உறை கிளம்புகிறது. அதுதான் ஏ.ஆர்.பி. 1982-இல் வகுக்கப்பட்ட இந்நெறியின்படி, இன்ன ஐ.பி. முகவரிக்கு உரியவர் யார், அவருடைய வன்பொருளுக்குரிய மாக் முகவரி யாது என்று எல்லோரையும் பொதுவில் கேட்டு அறிந்த பின்னரே, அனுப்பவேண்டியதை அனுப்பமுடியும். பொத்தானை ஒருமுறை அழுத்த, உறை ஸ்விட்சை அடைகிறது. மறுமுறை அழுத்த, அது மூன்றாகப் பெருகி மற்ற மூன்று கணினிகளுக்கும் செல்கிறது. சம்பந்தமில்லாத இரண்டின்மீதும் சிவப்புப் பெருக்கல் குறி விழ, உரியது மட்டும் அதை ஏற்று விடை அனுப்புகிறது. அந்த விடையை ஸ்விட்ச் எல்லோருக்கும் பரப்புவதில்லை. கேள்வி வந்தபோதே கேட்ட கணினி தன் எந்தத் துறையில் (போர்ட்டில்) இருக்கிறது என்று குறித்துக்கொண்டபடியால், நேரே அங்கேயே சேர்ப்பிக்கிறது. இதன் பிறகுதான் காத்திருந்த உறை நகர்கிறது.

ரூட்டரின் கட்டளைத் திரையில் முதன்முறையாக 'பிங்' செய்பவர், ஐந்து முயற்சிகளுள் முதலாவதற்கு ஒரு புள்ளியும் மற்ற நான்குக்கு ஆச்சரியக்குறிகளும் விழுந்து, வெற்றி 80 சதவீதம் என்று வரக் கண்டு, எங்கோ பழுது இருப்பதாக எண்ணிக் கலங்குவதுண்டு. மேற்கண்ட காட்சியைக் கண்டவர் கலங்குவதில்லை. மாக் முகவரியைத் தேடி நின்ற நேரத்தில், கணினியைப்போல் காக்க வைக்காமல், ரூட்டர் முதல் பாக்கெட்டைக் கைவிட்டது என்பதும், அது பழுதன்று, முறையே என்பதும் அவருக்கு விளங்கிவிடும்.

உறை ஒரு ரூட்டரைக் கடக்கும் கணத்தில் அதன்மீது சொடுக்கினால், ஓ.எஸ்.ஐ. அடுக்குகள் ஏழும் இரு பத்திகளாக விரிகின்றன; இடப்புறம் வந்த நிலை, வலப்புறம் போகும் நிலை. இரண்டையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஓர் அலாதியான ஆனந்தம் உண்டு. அனுப்புநர், பெறுநர் இருவருடைய ஐ.பி. முகவரிகளும் மாறாதிருக்க, மாக் முகவரிகள் இரண்டும் முற்றிலும் புதியனவாக எழுதப்பட்டிருக்கும். 128 என்றிருந்த டி.டி.எல். எண் 127 ஆகியிருக்கும். பாக்கெட்டுகள் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிராமல் வலையமைப்பைக் காப்பது இந்த ஒன்று குறைதலே.

ஸ்விட்சுகளின் உலகில் அக்குறைப்பு இல்லையாதலால், அங்கே காவல் வேறு விதம். மூன்று ஸ்விட்சுகளை முக்கோணமாகப் பிணைத்தால், விளக்குகள் யாவும் முதலில் ஆரஞ்சு நிறம் காட்டி, சுமார் 30 நொடிகளுக்குப் பின் ஒன்றைத் தவிர மற்றவை பச்சையாகின்றன. ரேடியா பெர்ல்மன் 1985-இல் டி.இ.சி. நிறுவனத்தில் வகுத்த ஸ்பானிங் ட்ரீ நெறி, சுழலை முறிப்பதற்காக ஒரு துறையை வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கிறது. இந்நெறி தலைமையாகத் தேர்ந்துகொள்ளும் 'ரூட்' ஸ்விட்சிலிருந்து, அத்துறையை உடைய ஸ்விட்சுக்கு வரும் கேபிளை நீக்கிவிட்டால், அடைபட்டிருந்த துறை தன் முறை வந்ததை அறிந்து, அரை நிமிடத்தில் பச்சையாகிறது. அலுவலகமொன்றில் இதைச் செய்து பார்க்கத் துணிபவர் யார்? இங்கோ எத்தனை முறை அறுத்தாலும் எவர் வேலையும் கெடுவதில்லை. அஞ்சாமல் உடைத்துப் பார்க்கும் இச்சுதந்திரம் இல்லாத அப்பியாசம் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

குறைகளும் இல்லாமலில்லை. பாக்கெட் டிரேசருக்குத் தெரிந்த கட்டளைகள் மெய்யான ரூட்டர் அறிந்தவற்றுள் ஒரு பகுதியே. எல்லை தாண்டிக் கேட்டால், செல்லாத கட்டளை என்று மறுத்துவிடும். ஜெரமி கிராஸ்மன் உருவாக்கிய ஜி.என்.எஸ்.3 என்னும் மற்றொரு கருவி, கிறிஸ்தோஃப் ஃபியோவின் டைனமிப்ஸ் என்னும் எமுலேட்டரின் துணையுடன் சிஸ்கோ ரூட்டர்களின் மெய்யான ஐ.ஓ.எஸ். மென்பொருளையே ஓட்டுவதால் இக்குறை அதற்குக் குறைவு. ஆயினும் ஐ.ஓ.எஸ். மென்பொருளை நாமே கொண்டுவர வேண்டும், ரூட்டர் சும்மாயிருக்கும் தருணத்தை உணர்த்தும் 'ஐடில் பி.சி.' மதிப்பைச் சரியாக அமைக்காவிட்டால் ஒரே ரூட்டர் கணினியின் பிராசசர் கோர் ஒன்றை முழுவதும் விழுங்கிவிடும். பயிற்சி முதிர்ந்தவருக்கு அது ஏற்றது; கண் திறக்கவேண்டியவருக்குப் பாக்கெட் டிரேசரே ஏற்றது. கொக்கி முறிந்து தளர்ந்த கேபிளின் வஞ்சகத்தையும், தூசி படிந்த ரேக்கின் உஷ்ணத்தையும் மட்டும் இரண்டுமே கற்பிக்கமாட்டா. அவற்றைக் கைதான் கற்கவேண்டும்.

நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்துகொண்டால் பாக்கெட் டிரேசர் இலவசமாகவே கிடைக்கிறது. பயில விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: பொத்தானை அழுத்துமுன், உறை அடுத்து எங்கே செல்லும், அதில் எந்த எண் மாறும் என்பதைத் தாளில் எழுதிவிட்டு, பிறகு அழுத்துங்கள். எழுதியது பொய்த்தால் அவசரப்பட்டு அடுத்ததற்குப் போகாமல், உறையைத் திறந்து காரணத்தைத் தேடுங்கள்.