எருக்கந்தூண் சொல்லும் அரசியல்

அம்பத்தூரிலிருந்து ஆவடி போகும் வழியில், திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் சன்னதி முன் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. புழல் கோட்டையிலிருந்த குறும்பர்களை வென்ற தொண்டைமான் என்னும் மன்னன் அங்கிருந்து பெயர்த்து வந்தவை என்கிறது தலபுராணம். தோற்றவன் வாசல்தூண் வென்றவனின் தெய்வத்துக்கு வாசல்தூணானது ஏன்? குறுநிலத் தலைமை பற்றிய ஆய்வுகளை இந்தக் கேள்வியோடு படித்தால் அவை உயிர்பெறுகின்றன.

விளைந்ததைத் திரட்டிப் பகிர்ந்தளிப்பவனே தலைவன் என்றார் மானிடவியலாளர் எல்மன் சர்வீஸ் (1962). டென்மார்க், ஹவாய், பெரு ஆகிய மூன்று நிலங்களை ஒப்பிட்ட டிமதி எர்ல் (1997) இந்தச் சித்திரத்தை மாற்றினார். பொருள், படை, நம்பிக்கை மூன்றும் அதிகாரத்தின் ஊற்றுகள். விளைநிலத்தைக் கைக்கொண்டவனே மற்ற இரண்டையும் ஊட்டி வளர்க்க முடியும் என்பது அவர் முடிவு.

தமிழில் இந்த விவாதம் சங்கப் பாடல்களில் தொடங்குகிறது. க. கைலாசபதி (1968) அவற்றை வீரயுகப் பாடல்களாக வாசித்தார். கா. சிவத்தம்பி திணைகளுக்கிடையே இருந்த சமமற்ற வளர்ச்சியைக் காட்டினார். கொள்ளையும் கொடையும் ஒரே சக்கரத்தின் இரு பாதிகள் என்று விளக்கினார் ராஜன் குருக்கள். வெட்சி சூடிக் கவர்ந்த ஆநிரை மறவருக்கும் பாணருக்கும் பங்காகிவிடும். கொடுத்தால்தான் புகழ், கொடுத்தபின் கை காலி, மீண்டும் படையெடுக்க வேண்டும். வாளால் வந்த அதிகாரம் ஒவ்வொரு பருவத்திலும் கரைந்துகொண்டே இருந்தது.

அதைக் கரையாமல் நிறுத்தியது எது? விடையைப் புழலிலேயே தேடலாம். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று புழல். கோட்டம் என்பது மேய்ச்சலும் உழவும் கலந்த நிலப்பரப்பு என்பார் ஆர். சம்பகலட்சுமி. மெக்கன்சி திரட்டிய சுவடிகளும், அவற்றைக் கொண்டு குஸ்தாவ் ஒப்பர்ட் 1893இல் எழுதியதும், குறும்பர்களை ஆடு மேய்த்தவர்களாக, கோட்டை கட்டியவர்களாக, வணிகம் செய்தவர்களாகக் காட்டுகின்றன. அவர்கள் வீழ்ந்தபின் வேளாளர் குடியேறினர் என்பதும் அந்த மரபுதான். மந்தையை ஓட்டிப் போகலாம்; ஏரிப் பாசன வயலை ஓட்டிப் போக முடியாது. அதிகாரம் நிலத்தில் வேர்விட்டது அங்கேதான். சோழ மண்டலத்தில் இப்படி வேரூன்றிய வேளாண் வட்டாரங்களான நாடுகளை ஒய். சுப்பராயலு (1973) கல்வெட்டுகளிலிருந்து வரைந்து காட்டினார். அவை தம்மைத் தாமே ஆண்டன என்று பர்ட்டன் ஸ்டைன் (1980) வாதிட, நொபோரு கராஷிமா சோழ அரசின் பிடியைக் கல்வெட்டுகளால் எடுத்துக்காட்டி மறுத்தார்.

இந்த விவாதத்தில் நம்பிக்கையின் பங்குக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பேன். தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி பிணித்த கதையைச் சுந்தரரே தம் பதிகத்தில் சுட்டுகிறார். கொடியை வெட்டிய வாள் லிங்கத்தில் பட, மன்னன் தன் கழுத்தையே அரியத் துணிந்தான் என்று தலபுராணம் தொடர்கிறது. இந்தக் கதையின் வழியே, போரிட்டுப் பிடித்த நாடு இறைவன் அருளிய நாடாகிவிட்டது. வாளை எதிர்த்து நிற்கலாம். அருளை எதிர்த்து யார் நிற்பது?

குறும்பர் தம் கதையை எழுதிவைக்கவில்லை. ஆகவே அந்தத் தூண்களை அவர்கள் பக்கத்துச் சாட்சியாகவும் படிக்க வேண்டும். பெயர்த்துக் கொண்டுபோகத் தக்க வாசல் அவர்களுக்கு இருந்தது என்பதை, வென்றவர் கதையே ஒப்புக்கொள்கிறது.