செவியில்லாத அறிவாளிகள்

டார்ஜானைத் தெரியாத வீடு இருக்காது. நாம் சினிமாவில் பார்த்தோம், பிள்ளைகள் கார்ட்டூனில் பார்த்தார்கள். அந்த டார்ஜானைப் படைத்த அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ரைஸ் பரோஸ் (1875–1950) பூமிக்குள்ளேயே இன்னொரு உலகத்தையும் படைத்தார். பூமி ஒரு கூடு. அதன் உட்புறத்தில் கடலும் காடும், நடுவே மறையாத ஒரு சூரியன். பெலூசிடார் என்பது அதன் பெயர். 1914இல் 'ஆல் ஸ்டோரி வீக்லி' இதழில் தொடராகவும் 1922இல் நூலாகவும் வந்த 'அட் தி எர்த்ஸ் கோர்' இதன் முதல் கதை.

அங்கே ஆட்சி செய்வது மனிதன் அல்ல. மஹார் என்னும் சிறகுள்ள ஊர்வன. (கதாசிரியர் கற்பித்த பெயர் இது. மராட்டிய மண்ணின் மஹார் சமூகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆறு முதல் எட்டடி நீளம், அலகு போன்ற வாயில் கூரிய பற்கள், உருண்டைக் கண்கள், முதுகில் எலும்பு முகடு, சவ்வுச் சிறகு. அத்தனையும் பெண்கள். காது கிடையாது. தங்களுக்குள் மனத்தாலேயே பேசிக்கொள்ளும். கொரில்லா போன்ற சாகோத்துகளை ஏவலாளாக வைத்து, மனிதர்களை அடிமையாக்கும், உயிரோடு அறுத்து ஆராயும், தின்னவும் செய்யும்.

இவ்வளவும் பயமுறுத்தத்தான். ஆனால் கதையின் உண்மையான பயங்கரம் பல்லிலும் இல்லை, சிறகிலும் இல்லை. அது ஒரு நூலகத்தில் இருக்கிறது.

இரும்புத் துளைப்பான் ஒன்றில் ஏறி 500 மைல் கீழே போய் மாட்டிக்கொள்கிற டேவிட் இன்னஸையும் கிழவர் பெரியையும் மஹார்கள் தங்கள் நகரமான ஃபூட்ராவில் புத்தகம் தூக்கும் வேலைக்கு விடுகிறார்கள். பெரி சும்மா இருப்பாரா? அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார். அங்கே அவர் காண்பது மனிதர்களைப் பற்றிய ஆய்வுரைகள்! மனிதருக்குள் கருத்துப் பரிமாற்றம் உண்டா என்று மஹார் பண்டிதர்கள் விவாதித்திருக்கிறார்கள். மனிதன் சிந்திப்பதே இல்லை, அவன் செய்வதெல்லாம் இயந்திரம் போன்ற இயல்பூக்கம் என்று ஒரு பண்டிதர் சாதிக்கிறார். தாங்கள் பேசுகிற விதத்தில் மனிதர் பேசவில்லை. ஆகவே பேச்சே இல்லை என்பது அவர்கள் தர்க்கம். பெரிக்குக் கோபம் வரவில்லை. மேலே நம் உலகத்தில் ஆட்டையும் மாட்டையும் பற்றி நாமும் இப்படித்தானே முடிவு கட்டுகிறோம் என்கிறார்.

காது இல்லாதது ஒரு குறை அல்ல. சாகோத்துகளோடு மஹார்கள் சைகையில் பேசத்தானே செய்கிறார்கள்! அதே சைகையில் அடிமையிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கேட்காமலேயே நூல் நூலாக எழுதிவிட்டார்கள். கிரேக்கர்கள் தமக்குப் புரியாத பேச்சை 'பர் பர்' என்ற சத்தமாகக் கேட்டு, அந்த மக்களுக்கே 'பார்பரோஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதுவும் இதே கதைதான். வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து, அறிவுடைமைக்கு முன்னால் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வைத்தார். மஹார்கள் அந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள். கல்வி இருக்கிறது, கேள்வி இல்லை.

பாராட்டு இத்துடன் சரி. இவ்வளவு கூர்மையாகக் கண்ட பரோஸ், தான் கண்டதைத் தானே மறந்துவிடுகிறார். மஹார்களின் முட்டைகள் ஆண் துணையின்றி, ஒரு ரசாயன முறையால் கருவுறுகின்றன. அந்த ரகசியம் எழுதிய நூல் ஒன்றே ஒன்றுதான். அதைத் திருடினால் இனமே அற்றுப்போகும் என்று டேவிட் கணக்குப் போட்டுத் திருடுகிறான். தூங்கும் மஹார்களைக் கொன்று, தோலை உரித்துப் போர்த்திக்கொண்டு வெளியேறுகிறான். பிறகு பேரரசனாகவும் ஆகிறான்.

அடிமைகள் விடுதலைக்குப் போராடுவது நியாயம்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிறக்காத முட்டைக்கும் சேர்த்துத் தண்டனை எழுதுவது விடுதலைப் போர் ஆகுமா? பெரி நூலகத்தில் படித்துச் சொன்னதை டேவிட் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தயங்கியிருப்பான். கதாசிரியர் தயங்கவே விடவில்லை. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920இல். அதற்கு ஆறு ஆண்டு முன்னால், ஆணே தேவைப்படாத பெண்களின் ஆட்சியை அரக்க ஆட்சியாக எழுதியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கருப்புத் தோலையும் வாலையும் சேர்த்து அவர் வருணிக்கிற குரங்கு மனிதரிலும் அன்றைய நிறவெறி அப்பியிருக்கிறது.

பொழுதுபோக்குக் கதைக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் கேட்கலாம். பொழுதுபோக்குக் கதைதான் காவல் இல்லாத வாசல். அதன் வழியே உள்ளே வருவது எது என்று பார்க்க வேண்டாமா?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்தக் கதை கொஞ்சம் அதிகமாகவே புரியும். நாம் பேசுவது வெறும் சத்தமாகக் கேட்ட காதுகளை நாம் சந்தித்திருக்கிறோம். ஆனால் நம் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாவும், கட்டடத்தில் செங்கல் சுமக்கிறவரும் தங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பிள்ளைகள் இந்தக் கதையைத் தாராளமாகப் படிக்கட்டும். படித்து முடித்ததும் மஹார் என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள். 'பறக்கிற பல்லி' என்று சொன்னால் பாதி மதிப்பெண்தான்.