அசன் தங்கிய வீடுகள்

நமது எழுத்தில் பயணத்துக்குக் குறைவில்லை. ஹஜ் யாத்திரையை எழுதியோர் பலர். அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் எகிப்தையும் கிழக்காபிரிக்காவையும் தமிழில் நமக்குக் காட்டினார். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற தாய்மாரின் கண்ணீர் நமது சிறுகதைகளில் ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்துவிட்டது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் அகதி வாழ்வும் கவிதையாயிற்று. ஆனால் பதினாறு வயதில், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் பிள்ளையாகத் தங்கிப் படித்துவிட்டு வந்த மாணவனை, மாணவியை நமது புனைகதையில் நான் தேடிப் பார்த்தேன். என் வாசிப்புக்கு எட்டியவரை அகப்படவில்லை.

அப்படிப் போனவர்கள் நம்மில் மிகச் சிலர்தானே என்று கேட்கலாம். சிலர்தான். ஆயினும் அதன் சிறிய வடிவம் நமக்கு மிகவும் பழக்கமானது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, பத்து வயதிலேயே கண்டி நகரில் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் படித்த பிள்ளைகள் அக்குறணையிலும் மடவளையிலும் கல்ஹின்னையிலும் ஏராளம். அவர்களுள் பேனா பிடித்தவர்களும் உண்டு. பிறர் வீட்டுச் சோற்றை இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்பட்ட அந்த இரவுகளை அவர்களும் அரிதாகவே எழுதினர். ஆகவே காரணத்தை எண்ணிக்கையில் தேடுவதில் பயனில்லை. நாம் எழுதும் முறையிலும், அதைவிட நாம் வாசிக்கும் முறையிலும்தான் அதைத் தேடவேண்டும்.

வியப்பு என்னவென்றால், ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமே இத்தகைய ஒரு பிள்ளையின் கதைதான். கண்டியில் 1838இல் பிறந்த சட்டத்தரணி எம். ஸி. சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' பற்றி நமது சஞ்சிகைகளில் எழுதப்பட்டவை கொஞ்சமல்ல. அது முதல் நாவலா இல்லையா, 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்கு அடுத்ததா, அதன் மொழிநடையில் அரபுச் சொற்கள் எவ்வளவு என்றெல்லாம் வாதிட்டுவிட்டோம். அந்தப் பையன் யார் யார் வீட்டில் இருந்தான் என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

எகிப்தில் உயர்குடியில் பிறந்த அசன் குழந்தைப் பருவத்திலேயே களவாடப்படுகிறான். பம்பாயில் அந்நியன் ஒருவனிடம் வளர்கிறான். பதின்ம வயதில் அங்கிருந்து நீங்கிக் கல்கத்தா செல்கிறான். ஆங்கிலேயரின் ஆதரவில் கல்வி பெறுகிறான். இறுதியில் எகிப்து சென்று பெற்றோரை அடைகிறான், 'பே' என்ற பட்டத்தைப் பெறுகிறான். அவனை நேசித்த ஆங்கிலப் பெண் இஸ்லாத்தைத் தழுவி அவனுக்கு மனைவியாகிறாள். மூன்று நகரங்கள், மூன்று வகை வீடுகள். ஆயினும் அசன் அசனாகவே இருக்கிறான். அவன் நுழைந்த வீடுகள் அவனால் மாறுகின்றன, அவனோ அவற்றால் மாறுவதில்லை.

இதைக் குறையென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நூல் எழுந்த காலத்தை நோக்கவேண்டும். அன்று ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தது. பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சத்தில் முஸ்லிம் தந்தையர் பின்வாங்கினர். 1882இல் சித்திலெப்பை தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' இந்த அச்சத்தோடு ஓயாமல் வாதாடியது. அடுத்த ஆண்டு எகிப்தின் அறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தார். அவரது ஆதரவும் கிட்ட, 1892இல் கொழும்பில் சாஹிராக் கல்லூரிக்கு வித்திடப்பட்டது. அதே ஆண்டு பாஷா கண்டிக்குக் குடிபெயர்ந்து, 1901இல் தாயகம் திரும்பும்வரை இங்கேயே வாழ்ந்தார். எகிப்தியர் ஒருவர் நமது மண்ணில் அந்நியராக வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான், எகிப்தியச் சிறுவன் ஒருவன் அந்நிய மண்ணில் வளர்ந்த கதையைக் கண்டிக்காரர் ஒருவர் எழுதினார்.

அந்த அச்சத்துக்குச் சித்திலெப்பை அளித்த விடையே அசன் என்பது என் வாசிப்பு. 'ஆங்கிலேயனின் நிழலில் படித்தாலும் உன் மகன் உன் மகனாகவே திரும்பி வருவான்' என்பதைத் தந்தையர் நம்பவேண்டியிருந்தது. அதற்கு மாறாத ஒரு பிள்ளை தேவைப்பட்டான். 1885இல் அது நியாயமான தேவை. அந்தத் தேவை தீர்ந்த பிறகும் நாம் அசனையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்பதே என் முறைப்பாடு.

மாணவர் பரிமாற்றம் இன்று உலகில் ஓர் ஒழுங்கான ஏற்பாடு. உலகப் போர்களில் காயப்பட்டோரை ஏற்றிச் சென்ற அமெரிக்க அம்புலன்ஸ் தொண்டர்களின் அமைப்பான ஏ.எஃப்.எஸ். 1947இல் பாடசாலை மாணவருக்கான பரிமாற்றத்தைத் தொடங்கியது. 2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின்னர், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவரை ஒரு கல்வியாண்டு தனது குடும்பங்களோடு தங்கவைக்கும் 'யெஸ்' திட்டத்தை ஐக்கிய அமெரிக்கா 2002இல் வகுத்தது. ஆசிய நாடுகளின் மாணவரை அழைக்கும் 'காகேஹாஷி' திட்டத்தை ஜப்பான் 2018இல் ஆரம்பித்தது. அச்சொல்லுக்குப் பாலம் என்று பொருள். இத்தகைய திட்டங்கள் மாணவனைத் தன் நாட்டின் 'இளம் தூதுவன்' என்று சொல்லி அனுப்புகின்றன. நமது பக்கத்திலும் பெற்றோரும் உஸ்தாத்மாரும் அதையேதான் சொல்லி அனுப்புகிறோம்: 'நம்ம மார்க்கத்தைப் பத்தி நல்ல எண்ணம் வர்ற மாதிரி நடந்துக்க மகன்.' இரு தரப்புக்கும் தூதுவனாக இருக்கவேண்டிய பதினாறு வயதுக்காரன் எந்த வீட்டில் பிள்ளையாக இருப்பது?

இதைப் பிறர்மீது குற்றமாகச் சுமத்த எனக்கு உரிமையில்லை. என்னிடமே ஒரு கணக்குத் தீராமல் கிடக்கிறது.

எங்கள் கிராமத்துப் பாடசாலையில் ஐந்தாம் தரம்வரை என்னிடம் படித்த மாணவன் ஒருவன், பின்னர் நகரில் படிக்கும்போது இத்தகைய ஒரு திட்டத்தில் ஜப்பான் சென்று வந்தான். எழுதித் தரும்படி நான்தான் கேட்டேன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றைத் தந்தான். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

முதல் இரவு குளியலறையில் நடந்ததிலிருந்து அது தொடங்கியது. அங்கே வெளியே உடம்பைக் கழுவிக்கொண்டுதான் தொட்டியில் இறங்கவேண்டும். அதே வெந்நீரில் குடும்பத்தார் ஒருவர்பின் ஒருவராக அமர்வார்கள். அது தெரியாமல் இவன் குளித்து முடித்துத் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டான். வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் மீண்டும் தொட்டியை நிரப்பினார். இவன் போர்வைக்குள் அழுதான்.

அடுத்தது சமையலறை. ஒவ்வொரு போத்தலின் லேபிளையும் அந்த அம்மா இவனுக்காக வாசித்தார். சமையலுக்குச் சேர்க்கும் 'மிரின்' அரிசி மதுவில் ஆனது என்பதால் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இவன் இருந்த காலம் முழுவதும் அந்த வீட்டில் அது இல்லாமலேயே சமையல் நடந்தது. மொழி சற்றுப் பிடிபட்ட பிறகுதான், சாப்பாட்டில் ருசி போய்விட்டது என்று அவ்வீட்டுப் பெரியவர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பது இவனுக்கு விளங்கியது. அன்று முதல் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டதாக எழுதியிருந்தான்.

கடைசிப் பக்கத்தில், ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை, அடுப்படியில் நின்ற உம்மாவை அவன் தூக்கக் கலக்கத்தில் 'ஒகாசான்' என்று கூப்பிட்டுவிடுகிறான். அது ஜப்பானியர் தாயைக் கூப்பிடும் சொல். உம்மா என்னவென்று கேட்டார். அவன் சொல்லவில்லை.

நான் குளியலறையை வெட்டினேன், அது அநாகரிகம் என்று. பெரியவரை வெட்டினேன், விருந்தளித்தோரைக் குறை சொல்லலாகாது என்று. கடைசிப் பக்கத்தில் குறுக்குக்கோடு இழுத்து, 'உம்மாவுக்கு மனம் நோகும்' என்று ஓரத்தில் எழுதினேன். 'அவர்களுக்கு இஸ்லாத்தை எவ்வாறு விளக்கினாய் என்பதைச் சேர்க்கவும்' என்றும் குறித்தேன். அவன் கெட்டிக்காரன், சேர்த்தான். நேரந்தவறாமை, துப்புரவு, மாணவரே வகுப்பறையைக் கூட்டுதல், இடையிடையே நமது மார்க்கத்தின் சிறப்பு என்று ஒரு கட்டுரை ஆயிற்று. அச்சாகியது. பாராட்டுக் கடிதமும் வந்தது. அதன்பின் அவன் எதையும் எழுதவில்லை.

சென்ற வருடம் பெருநாளன்று பள்ளிவாசல் முற்றத்தில் சந்தித்தபோது, ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: 'சேர், நீங்க வெட்டினதுதானே நான் எழுதினது. மத்ததெல்லாம் நீங்க சொல்லித் தந்தது.'

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கட்டுரை திருத்தும் முறை கற்பித்தார்கள். எழுத்துப்பிழை, வாக்கிய அமைப்பு, கருத்துக் கோவை ஆகியவற்றுக்குப் புள்ளி உண்டு. அத்தோடு நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: முன்மாதிரி. விமர்சகர்களாகவும் நாம் இதே புள்ளித் திட்டத்தைத்தான் கையாளுகிறோம். பாத்திரம் சமூகத்துக்கு நல்ல முகம் காட்டுகிறதா என்று முதலில் பார்க்கிறோம். சந்தேகக் கண்கள் நம்மைச் சூழ்ந்திருக்கும் காலத்தில், குறிப்பாக 2019 ஏப்ரலுக்குப் பின்னர், இந்த எச்சரிக்கையை நான் விளங்காதவனல்ல. ஆயினும் அந்த வீட்டின்மீதும் அந்தப் பையன்மீதும் எனக்கு மதிப்பு வந்தது நான் வெட்டிய பக்கங்களால்தான். ருசியிழந்த சோற்றைப் பல மாதம் தின்ற ஒரு குடும்பமும், அதை அறிந்து தலைகுனிந்த ஒரு முஸ்லிம் பையனும் அங்கே இருந்தார்கள். நான் கேட்டு வாங்கிய விளக்கவுரையைவிட நம்மைப்பற்றி அது கூடுதலாகவே சொல்லியிருக்கும்.

சித்திலெப்பை தந்தையரைச் சம்மதிக்க வைக்க எழுதினார், வெற்றியும் கண்டார். நமது பிள்ளைகள் இன்று எங்கும் போகிறார்கள். இனி 'மாறாமல் திரும்பினாயா' என்று அவர்களைக் கேட்க வேண்டியதில்லை. பம்பாயில் அசன் உறங்கிய மூலை எது, கல்கத்தா வீட்டில் முதல் நாள் அவன் முன்னால் வைத்த உணவு எது, கெய்ரோவில் தாயைக் கண்டபோது எந்த ஊர்ச் சொல் அவன் வாயில் முதலில் வந்தது என்று கேட்கும் வாசகர் தேவை. அத்தகைய வாசகர் இருந்தால் அத்தகைய எழுத்தும் வரும்.

கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. சிவப்புக் கோடுகளின் கீழே நீல எழுத்துகள் நன்றாகவே தெரிகின்றன. அவன் சம்மதித்தால், ஒரு கோடும் இல்லாமல் பிரதி செய்து இச்சஞ்சிகைக்கு அனுப்பிவைப்பேன். சம்மதம் கேட்டு எழுதியிருக்கிறேன்.